நிலக்கரியோடு பிறந்த வாயு

டேவி விளக்கை நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கம்பி வலை போட்ட விளக்கு, சுரங்க வெடிவிபத்தைத் தடுப்பது, கண்டுபிடித்தவர் சர் ஹம்ப்ரி டேவி. இரண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான். ஆனால் அந்த வாயு அங்கே எப்படி வந்தது, விளக்கு வந்த பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. அதை நம் மலரில் எழுதலாமே என்று தோன்றியது.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலக் காடுகள் மண்ணில் புதைந்தன. காற்றுப் படாமல் கிடந்த அந்தத் தாவரங்களைப் பாக்டீரியாக்கள் சிதைத்தபோதே மீத்தேன் உண்டாக ஆரம்பித்துவிட்டது. மேலே மண்ணும் பாறையும் சேரச் சேர அழுத்தமும் வெப்பமும் ஏறின. தாவரம் கரியாக மாறும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் கொஞ்சம் கார்பனையும் இழுத்துக்கொண்டு மீத்தேனாகப் பிரிகிறது. ஆக, கரியும் வாயுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்!

கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். அவற்றின் சுவர்களில் மீத்தேன் ஒட்டிக்கொண்டிருக்கும். அழுத்தம் இருக்கும்வரை பரம சாது. வெட்டியதும் அழுத்தம் குறையும், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி வாயு வெளியே வரும். பொதுவாக, ஆழம் கூடினால் வாயுவும் கூடும். காற்றைவிட லேசானதால் கூரையை ஒட்டித் தங்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும்.

1812 மே 25 அன்று இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் அந்தப் பொறி விழுந்தது. 92 பேர் மாண்டனர். அதில் பலர் சிறுவர்கள். நாடே அதிர்ந்தது. 1815-ல் டேவி தம் விளக்கை உருவாக்கினார். கம்பி வலை சுடரின் வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால் வெளியே உள்ள வாயு பற்றாது. அவர் காப்புரிமைகூட எடுக்கவில்லை. அதே ஆண்டு ஜார்ஜ் ஸ்டீபன்சனும் தனியாக ஒரு விளக்கு செய்தார்.

பிறகு நடந்ததுதான் வேதனை. விளக்கு வந்துவிட்டதே என்று, வாயுவுக்குப் பயந்து மூடி வைத்த பகுதிகளையெல்லாம் முதலாளிகள் திறந்தார்கள். இன்னும் ஆழத்துக்குப் போனார்கள். வலையில் ஓட்டை விழுந்தாலோ, காற்று வேகமாக அடித்தாலோ சுடர் வெளியே வந்துவிடும். சாவுகள் குறையவில்லை. 1913-ல் வேல்ஸின் செங்கெனித் சுரங்கத்தில் 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். நம் நாட்டில் 1958 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் சினாகுரியில் 170-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

விளக்கு பொறியைத்தான் தடுத்தது, வாயுவை அகற்றவில்லை. அகற்றுவது காற்றோட்டம். பெரிய விசிறிகளால் ஓயாமல் காற்றைச் செலுத்தி வாயுவை நீர்க்கச் செய்ய வேண்டும். சுரங்கத்தில் எந்த இடத்திலும் அது 1.25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு விதி. விசிறிக்கு ஆகும் செலவைப் பார்த்தால் விளக்கு மலிவுதான்.

நம்மில் பலர் இன்று ஆலைகளிலும் கட்டுமானப் பணிகளிலும் பொறுப்பில் இருக்கிறோம். "அதான் சேஃப்டி கருவி வாங்கிக் கொடுத்தாச்சே, உற்பத்தியைக் கூட்டலாமே" என்று மேலிடம் கேட்கும் நாள் நமக்கும் வரும். அன்றைக்கு ஃபெல்லிங்கையும் அதற்குப் பின் நடந்ததையும் ஒரு நிமிடம் நினைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், நண்பர்களே.