லயத்து அறையிலிருந்து டீஜே: குறைந்த பணத்தில் எதை வாங்குவது, எப்படிப் பழகுவது

பொகவந்தலாவையில் ஒலி அமைப்பு வேலை செய்பவன் என்பதால், மாதத்தில் இரண்டு மூன்று பேராவது என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அண்ணே, டீஜே பழகணும், என்ன செட் வாங்குறது?" கேட்பவர்களில் பலர் கொழும்பில் கடைகளில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய பையன்கள். இப்போது பிள்ளைகளும் கேட்கிறார்கள். சில மாதங்களாகக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்தும் அழைப்பு வருகிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு இங்கிருந்து வன்னிக்குப் போன எங்கள் சொந்தக்காரர்களின் பிள்ளைகள் அவர்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

முதலில் கணக்கு. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று வந்தது. இன்று ஆரம்பநிலை டீஜேக்கள் அதிகம் பேசும் பயனியர் டீடீஜே எஃப்எல்எக்ஸ்4 என்ற கன்ட்ரோலர் வெளிவந்தபோது அதன் விலை 299 அமெரிக்க டொலர். ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் 89,700 ரூபா. கப்பல் கூலி, வரி, கடைக்காரரின் இலாபம் எல்லாம் அதற்கு மேல். அந்த 2024 சம்பளத்தில் அம்மா 66 முழுப்பேர் போட்டிருந்தாலும் அந்தப் பெட்டியின் வெளிநாட்டு விலைகூடத் தேறியிருக்காது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வாரக் கடன் கொடுப்பவர்களிடம் கையெழுத்து வைக்கப் போகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரையின் பாதி. அம்மாவின் ஈ.பி.எஃப். பணத்தைக் கேட்க நினைப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கடன் வாங்கி முதல் கருவி வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. திருமணம், சடங்கு, திருவிழா என்று எங்கள் பக்கம் வேலை வருவது சில மாதங்களில்தான். தவணை ஒவ்வொரு வாரமும் வரும்.

ஒலிபெருக்கியும் வாங்க வேண்டாம். ஊருக்கு ஊர் சவுண்ட் சேர்விஸ்காரர்கள் இருக்கிறார்கள். பெட்டி, அம்ப்ளிஃபையர், லைட் எல்லாம் அவர்களிடம் உண்டு. டீஜேயின் வேலை அந்தப் பெட்டிக்குள் போகும் பாட்டைக் கவனிப்பது. அதற்குத் தேவை நான்கு பொருள்கள்: ஒரு மடிக்கணினி, ஒரு மென்பொருள், ஒரு ஹெட்போன், ஒரு கன்ட்ரோலர். முதல் மூன்று இருந்தாலே பழக ஆரம்பிக்கலாம்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் கடைசியில் மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்கள். முழுக்க இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பழைய, 4 ஜீபீ நினைவகம் உள்ள மடிக்கணினியிலும் சமாளிக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் இன்னும் நல்லது. செராட்டோ டீஜே லைட்டும் இலவசம்தான், ஆனால் அது பொருந்தும் கன்ட்ரோலர் இருந்தால்தான் முழுமையாகப் பயன்படும். ரெகார்ட்பொக்ஸ் சற்றுப் பலமான கணினி கேட்கும். பாட்டு நடுவில் 'கர்' என்று உடைந்தால் கணினியைத் திட்டுவதற்கு முன் ஒலி அமைப்பில் பஃபரைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

ஹெட்போன் பற்றி அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கடைசியாக நினைப்பது அதைத்தான். சனம் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டு ஒன்று. அடுத்து வரப்போகும் பாட்டு உங்கள் காதுக்குள் மட்டும் ஓடவேண்டும். டீஜே வேலையின் அடிப்படையே இதுதான். காதை மூடும், கம்பியுள்ள ஹெட்போன் வாங்குங்கள். புளூடூத் உதவாது. அதில் ஒலி கொஞ்சம் பிந்தி வரும், அந்தப் பிந்தலில் தாளம் பிடிக்கவே முடியாது.

இந்த 'முன்கூட்டிக் கேட்கும்' வசதிக்கு ஒரு கதை உண்டு. 1973 ஆகஸ்ட் 11-ஆம் திகதி நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், ஜமெய்க்காவிலிருந்து குடியேறிய கூல் ஹேர்க் என்ற இளைஞர், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் தங்கையின் விருந்துக்குப் பாட்டுப் போட்டார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, தாளம் மட்டும் வரும் பகுதியை மாறி மாறி நீட்டுவது அவருடைய உத்தி. ஹிப்ஹொப் பிறந்த இடமென்று அந்த விருந்தைத்தான் சொல்வார்கள். அதே பகுதியில் வளர்ந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். தூக்கியெறிந்த ரேடியோக்களிலிருந்து பாகங்களைக் கழற்றி, அடுத்த தட்டை ஹெட்போனில் முன்னரே கேட்க ஒரு சுவிட்ச் அமைப்பைத் தானே செய்துகொண்டார். இருவரிடமும் பணமில்லை. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ளவர்களுக்கு இது புதுமையாக இருக்காது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வீடுகள் அங்கே ஏராளம்.

கன்ட்ரோலர் வாங்கும்போது

கன்ட்ரோலர் என்பது இரண்டு வட்டத் தட்டும் நடுவில் மிக்ஸரும் உள்ள பெட்டி. கணினியில் ஓடும் பாட்டைக் கையால் ஆள்வதற்கு. வாங்கும்போது ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: இதற்குள் சவுண்ட் கார்ட் இருக்கிறதா, ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனித் துளை இருக்கிறதா?

பயனியர் டீடீஜே-200 பார்க்க அழகாக இருக்கும், 149 டொலருக்கு வந்தது. ஆனால் அதற்குள் சவுண்ட் கார்ட் கிடையாது. பிரிக்கும் வயர் ஒன்றைப் போட்டு, இடது வலது ஒலியில் ஒன்றை இழந்துதான் முன்கூட்டிக் கேட்க முடியும். அதைவிட விலை குறைந்த ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 200, நியூமார்க் பார்ட்டி மிக்ஸ் இரண்டிலும் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. இவை வெளிவந்தபோது 100 டொலர் அளவில் விற்றன. 2024-இன் அந்தச் சம்பளத்தில் அது ஏறக்குறைய 22 நாட்சம்பளம். பழகுவதற்கு இவை தாராளமாகப் போதும். இன்னும் கொஞ்சம் சேர்க்க முடிந்தால், பழைய டீடீஜே-400 கைமாற்றாகக் கிடைக்கும். அதன் பொத்தான் ஒழுங்கு பெரிய மேடைகளில் இருக்கும் கருவிகளை ஒத்திருப்பதால் பின்னால் கை தடுமாறாது.

கைமாற்றுப் பொருளைப் படம் பார்த்து வாங்காதீர்கள். இணைய விளம்பரங்களில் நல்ல விலை தெரியும், ஆனால் ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ் செலவு போட்டாவது நேரில் போங்கள். உங்கள் மடிக்கணினியைக் கொண்டுபோங்கள். எல்லா ஸ்லைடரையும் மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். கரகரப்பு வந்தால், அல்லது கை எடுத்த பிறகும் திரையில் எண் துடித்துக்கொண்டே இருந்தால், உள்ளே தூசோ தேய்மானமோ உண்டு. ஹெட்போன் துளையில் வயரை ஆட்டிப் பாருங்கள். யூஎஸ்பி துளை ஆடினால் திரும்பி வந்துவிடுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் புதிதாக வாங்குவதென்றால் மூன்று கடையிலாவது விலை கேளுங்கள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். சொல்லும் விலையில் அது அடங்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மலைநாட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. பொகவந்தலாவையைத் தேயிலையின் பொற்பள்ளத்தாக்கு என்று வெளியூர்க்காரர் சொல்வார்கள். கருவிகளுக்கு இது ஈரப் பள்ளத்தாக்கு. மூடுபனி நேரத்தில் வெளியே கொண்டுபோன பெட்டியைச் சனம் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்ததும் ஓன் பண்ணாதீர்கள். கண்ணாடியில் படிவதுபோல உள்ளேயும் நீர் படியும். அரை மணி நேரம் விடுங்கள். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுவையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வருவதே போதும்.

லயத்து மின்சாரத்தை நம்ப வேண்டாம். ஒரு அறைக்கு வந்த வயரிலிருந்து மூன்று அறைக்கு இழுத்த இடங்கள் இன்னும் இருக்கின்றன. மின்னொழுக்கால் லயங்கள் எரிவதும் நமக்குப் புதிய செய்தி அல்ல. ஸ்பீக்கரில் 'உம்ம்' என்ற இரைச்சல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் பிரச்சினை நில இணைப்பில். அதற்கு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு பொருள் இருக்கிறது. சிலர் பிளக்கின் ஏர்த் காலை வெட்டிவிடுவார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள், ஆள் போய்விடும். நான் சொன்ன சிறிய கன்ட்ரோலர்கள் யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடுபவை. பற்றரி நல்லதாக இருந்தால் கரண்ட் இல்லாத நேரத்திலும் பழகலாம்.

காதைப் பழக்குவது

பழகத் தொடங்கும்போது திரையில் இருக்கும் 'சிங்க்' பொத்தானைத் தொடாதீர்கள். பிறகு தாராளமாகப் பாவிக்கலாம், ஆனால் முதல் இரண்டு மாதம் வேண்டாம். கூல் ஹேர்க் செய்ததுபோல ஒரே பாட்டை இரண்டு பக்கமும் போடுங்கள். இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டு, ஒன்றை விரலால் இலேசாகத் தள்ளுங்கள். முதலில் ஒலி குழாய்க்குள் போனதுபோல மாறும். இன்னும் தள்ளினால் தப்பு இரண்டு ஒன்றையொன்று துரத்துவதுபோல் கேட்கும். எந்தப் பாட்டு முந்துகிறது, எது பிந்துகிறது என்று கண்ணை மூடிச் சொல்லப் பழகுங்கள். அடுத்து ஒன்றின் வேகத்தை 2 வீதம் கூட்டிவிட்டு, எண்ணைப் பார்க்காமல் மற்றதை அதற்குச் சமமாகக் கொண்டுவாருங்கள். ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். வேகத்தை 6 வீதம் கூட்டினால் சுருதி ஏறக்குறைய அரைச் சுரம் ஏறிவிடும். பாடகரின் குரல் சிறுபிள்ளைக் குரலாவதும் அதனால்தான். அதைத் தடுக்க 'கீ லொக்' இருக்கிறது.

நடன இசையில் தாளம் நான்கு நான்காக எண்ணப்படும். எட்டு நான்குகள், அதாவது 32 அடி, முடியும் இடத்தில் பாட்டு பெரும்பாலும் முகம் மாறும். அந்த இடத்தில் அடுத்த பாட்டைக் கொண்டுவந்தால் ஆடுகிறவரின் கால் தடுமாறாது. கொண்டுவரும்போது புதுப் பாட்டின் அடிநாத ஒலியை முதலில் குறைத்து வையுங்கள். இரண்டு பேஸ் ஒன்றாக ஓடினால் எந்த ஸ்பீக்கரும் சேறாகத்தான் ஒலிக்கும்.

இணையத்தில் இருக்கும் பாடங்கள் இதுவரைதான் வரும். நம்முடைய பாட்டுகளில் வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு. பைலாவும் குத்துப்பாட்டில் பெரும்பகுதியும் ஆறு எண்ணிக்கைத் தாளத்தில் நடப்பவை. மென்பொருள் நான்கை எதிர்பார்ப்பதால் குழம்பி, நிமிடத்துக்கு 120 அடி உள்ள பாட்டை 80 என்றோ 180 என்றோ காட்டும். அந்த எண்ணை நம்பி சிங்க் போட்டால் கதை முடிந்தது. நீங்களே தட்டி எண்ணித் திருத்துங்கள். அடுத்தது, 1980களின் பாட்டுகளை மனிதர்கள் கூடியிருந்து வாசித்தார்கள். வேகம் இயல்பாகவே கொஞ்சம் கூடிக் குறையும். இவற்றை நீண்ட நேரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்ட முயலாதீர்கள். சரணம் முடியும் இடத்தில் எக்கோவை விட்டு, சட்டென்று அடுத்ததற்குப் போவதே அழகு. யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இதற்கு நல்ல வாத்தியார் ஊரிலேயே இருக்கிறார்கள். தோட்டத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு ஆள் கூப்பிட்டதே ஒரு காலத்தில் தப்புத்தான். சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, காமன் கூத்துக்கு ஒரு அடி என்று தப்படிக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு மாலை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஆறு எண்ணிக்கை உடம்பில் ஏறிவிடும். டீஜே வந்த பிறகு அவர்களுக்கு அழைப்புக் குறைந்ததும் உண்மை. நான் போகும் திருவிழாக்களில் அவர்களுக்கு நேரம் ஒதுக்கச் சொல்லித்தான் ஒப்புக்கொள்கிறேன்.

தொழில் பழக, சவுண்ட் சேர்விஸ்காரர் ஒருவரோடு சில மாதம் பெட்டி தூக்கப் போங்கள். வயர் சுற்றுவதிலிருந்து தொடங்கும். சம்பளம் பெரிதாக இராது. ஆனால் மண்டபத்தில் சனம் எப்போது எழும்பும், எப்போது உட்காரும் என்பதை வேறெங்கும் படிக்க முடியாது. பாட்டுகளை 320 கேபீபீஎஸ் தரத்தில் வைத்திருங்கள். வீடியோவிலிருந்து உருவிய பாட்டு கைபேசியில் நன்றாக இருந்தாலும் பெரிய பெட்டியில் தட்டையாகிவிடும்.

எங்கே, யாருக்கு

வன்னியிலிருந்து கேட்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன், மலையகத்தவருக்கும் பொருந்தும். டீஜே மென்பொருள்களில் இடையிடையே தட்டிவிட ஒலித்துணுக்குகள் வைத்திருப்பார்கள்: சைரன், வெடிப்பு, துப்பாக்கிச் சத்தம். முதல் நாளே அவற்றை அழித்துவிடுங்கள். கிளிநொச்சியில் ஒரு திருமணத்தில், வேறொருவர் தட்டிய சைரன் ஒலிக்கு, முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி பேரனை இழுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே குனிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. அவர் எழும்பி உட்கார வெகுநேரம் ஆனது. பேஸை ஒரேயடியாகத் திறக்காமல் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஸ்பீக்கரை முதியவர்களின் கதிரைகளுக்கு நேரே வைக்காதீர்கள். மே 18, நவம்பர் 27 ஆகிய நாட்களையும் அவற்றை ஒட்டிய நாட்களையும் ஒப்புக்கொள்வதற்கு முன் வீட்டாரோடு பேசுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் படம் சுவரில் இருக்கும் வீடு என்றால், எந்தப் பாட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கோபித்ததில்லை.

உங்கள் காதும் கணக்கில் சேரும். 85 டெசிபெலில் 8 மணி நேரம் தாங்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான். மருந்துக் கடையில் விற்கும் பஞ்சு இயர்பிளக் ஒரு சோடி சட்டைப்பையில் இருக்கட்டும்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை பொதுவாக அனுமதி இல்லை என்று உயர் நீதிமன்றம் 2007-இல் உத்தரவிட்டது. விசேட நாட்களுக்கு விதிவிலக்கு உண்டு. அனுமதியை எடுக்க வேண்டியது விழா வீட்டார். எடுத்த பிறகு அதன் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். பேசிய பணத்தில் பாதியையும் அப்போதே வாங்கிவிடுங்கள்; விழா முடிந்த இரவில் பணம் கொடுக்க வேண்டியவரைத் தேடிப்பிடிப்பது பெரிய வேலை.