கைமாறிய ஜீப்பும் மூன்று கியர் ராடுகளும்: இடுக்கி, பாலக்காடு எல்லை மலைகளில் ஓட்டுநரின் வரலாறு

இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், கூரையற்ற, கையால் கியர் மாற்றி ஓட்டவேண்டிய இருவகைச் சிறு வண்டிகள் புதிய வாழ்வைத் தொடங்கின. ஒன்று, பிரிட்டனில் உருவான எம்.ஜி. டி.சி. என்னும் பந்தயச் சாயல் கொண்ட இருவர் கார். ஏறத்தாழ 10,000 வண்டிகளே உற்பத்தியான அது, பிரிட்டனில் தங்கியிருந்த அமெரிக்கப் படையினரின் விருப்பத்துக்குரியதாகி, அமெரிக்காவின் 'ஸ்போர்ட்ஸ் கார்' மோகத்துக்கு வித்திட்டது. மற்றொன்று, அதே படையினர் ஆசியாவில் விட்டுச்சென்ற ஜீப். முன்னது ஓய்வுநேரத்தின் வாகனமாயிற்று. பின்னது பிழைப்பின் வாகனமாயிற்று. மணிலாவில் அது 'ஜீப்னி' என்ற பொதுப் போக்குவரத்தாக மாறிய கதை உலகறிந்தது. மேற்குத்தொடர்ச்சி மலையில் அது என்னவாயிற்று என்பது பெரிதும் எழுதப்படாத வரலாறு. இந்திய மோட்டார் வரலாறு என்றாலே மகாராஜாக்களின் ரோல்ஸ்ராய்ஸ்களும் பம்பாய் வணிகர்களின் கார்களும்தாம் நம் நூல்களில் நிறைகின்றன. நான்காவது ஐந்தாவது கையாக ஒரு வண்டியை வாங்கி, மலைவளைவில் அதனோடு மல்லுக்கட்டி ஓட்டக் கற்றவர்கள் அவற்றில் இடம்பெறுவதில்லை.

ஜீப்பின் முதல் வடிவம் 1940இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பாண்டம் நிறுவனத்தில் உருவானது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து போர்க்காலத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. பர்மாப் போர்முனைக்காக இந்தியாவில் இறக்கப்பட்டவை போர் முடிந்ததும் உபரிப் பொருள்களாக ஏலத்துக்கு வந்தன. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் குற்றச்சாட்டாகப் பேசப்படும் 1948ஆம் ஆண்டு ஜீப் விவகாரமும் பழைய வண்டி வாங்கிய கதையே என்பதை இங்கே நினைவுகூரலாம். லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் சீரமைக்கப்பட்ட ஜீப்புகளுக்காகச் செய்த ஒப்பந்தத்தின்படி வந்துசேர்ந்தவை 155 மட்டுமே. அவையும் பயன்படா நிலையில் இருந்தன. பழைய வண்டியை நேரில் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கலாகாது என்று போடிநாயக்கனூர் ஒர்க்‌ஷாப் மேஸ்திரி எவரும் அன்றே சொல்லியிருப்பார்.

1945இல் தொடங்கப்பெற்ற மகிந்திரா அண்டு முகமது நிறுவனம், பங்காளிகளில் ஒருவரான குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகச் சென்றபின், 1948இல் மகிந்திரா அண்டு மகிந்திரா ஆயிற்று. வில்லிஸ் ஜீப்புகளின் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கிய அந்நிறுவனம், பின்னர் அவற்றை இங்கேயே உற்பத்தி செய்தது. அமெரிக்காவில் வடிவம் மாறிக்கொண்டே போக, இந்தியாவில் 1950களின் ஜீப் பல பதிற்றாண்டுகள் ஏறத்தாழ அப்படியே நீடித்தது. எந்தப் பாகமும் எந்த வண்டிக்கும் பொருந்தும் என்ற நிலையே கைமாறிய ஜீப் சந்தையின் உயிர்நாடி.

ஜீப் வருமுன் இம்மலைகள் போக்குவரத்தற்றுக் கிடந்தன என்று எண்ணுதல் பிழை. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டியும், 1908 முதல் குறுகிய பாதை ரயிலும் ஓடின. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குச் சென்றன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை முற்றிலும் அழித்தது. பின்னர் அது மீண்டும் அமைக்கப்படவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு 1928இல் ரயில் வந்தது, அதற்குமேல் மலையேறவில்லை. வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனிகள் பண்டங்களுக்கு ரயிலும் கம்பிவடமும் அமைத்தன. ஆட்களோ நடந்தே ஏறினார்கள். பண்டத்துக்கு ஊர்தி, ஆளுக்குக் கால் என்ற இந்த ஏற்பாட்டைக் குலைத்தது ஜீப்.

1950களில் திருவிதாங்கூர்-கொச்சி அரசு மலைநாட்டில் நடத்திய குடியேற்றத் திட்டமும், அதன் முன்னும் பின்னும் நிகழ்ந்த தன்னிச்சையான குடியேற்றமும் ஏலக்காட்டை ஆயிரக்கணக்கான சிறு நிலங்களாகப் பிரித்தன. 1956 மாநிலச் சீரமைப்பில் தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. 1972இல் இடுக்கி மாவட்டம் உருவானது. மரம் வெட்டி இறக்குவதற்காகப் போடப்பட்ட கூப்புச் சாலைகளே பல குடியேற்றங்களுக்கு ஒரே வழி. பேருந்து அவற்றில் ஏறாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி மட்டுமே ஏறும்.

எல்லைக்கோடு இந்நிலவியலுக்கு விசித்திரமான திருப்பம் ஒன்றைத் தந்தது. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் வண்டி ஏறும் வழி கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான், அதுவும் ஜீப்புக்கு மட்டும். பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்குச் செல்லும் சாலை தமிழ்நாட்டின் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகவே போகிறது. இரு மாநிலங்களும் தத்தம் நிலத்தை அடைய அடுத்தவர் சாலையை நாடவேண்டியிருக்கிறது. தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டுக்குச் சாலை வேண்டுமென்ற கோரிக்கையோ தலைமுறைகளைக் கடந்தும் கோரிக்கையாகவே உள்ளது. அரசு சாலை போடாத இடங்களில் ஓட்டுநரின் கைத்திறனே சாலையாகச் செயல்பட்டது.

இனி வாங்குதல். புதிய ஜீப்பை வாங்கியவர்கள் அரசுத் துறைகளும் பெருந்தோட்டங்களும் பணவசதி படைத்தோருமே. படையும் அரசுத் துறைகளும் கழித்து ஏலத்தில் விட்ட வண்டி தரகர் கைக்கு வரும்; அங்கிருந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். பெட்ரோல் இஞ்சினைக் கழற்றி டீசல் இஞ்சின் வைப்பார்கள். 1980களில் மகிந்திரா தன் ஜீப்புகளில் பியூஜோ டீசல் இஞ்சினைப் பொருத்தத் தொடங்கியபின் இது பெருகியது. பின்பக்கத்தை நீட்டி எதிரெதிர் பெஞ்சுகள் அமைப்பார்கள். சேஸிஸ் ஒரு வண்டியினது, இஞ்சின் வேறொன்றினது, கியர்பாக்ஸ் மூன்றாவதினது என்பது இங்கே குறையாகக் கருதப்படவில்லை. வாங்குபவர் பார்த்தது வண்ணத்தையோ ஓடிய கிலோமீட்டரையோ அல்ல. சேஸிஸில் விரிசலுக்கு வெல்டிங் வைத்த தழும்பு உண்டா, இரண்டாம் கியரில் ஏறும்போது கியர் தானாக நழுவுகிறதா, ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது கியர்பாக்ஸ் அழுகிறதா என்பனவே கேள்விகள்.

ஆர்சி புத்தகத்தின் கதை வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, அடுத்த மாநிலத்துக்குப் போகும் வண்டிக்குப் பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அங்கே 12 மாதங்களுக்குமேல் தங்கினால் புதிய பதிவெண் பெறவேண்டும். காலையில் ஏறி மாலையில் இறங்கும் எல்லை ஜீப்பை இவ்விதி எதிர்பார்க்கவில்லை. டிஎன் 60 எனத் தேனியிலும் கேஎல் 06 எனப் பைனாவிலும் பதிவான வண்டிகள் ஒரே சந்தையில், ஒரே தரகர்களிடம் புழங்குகின்றன. வரியும் பர்மிட்டும்தாம் அவற்றைப் பிரிக்கின்றன.

கற்றலின் வரலாறு இன்னும் சுவையானது. பழைய ஜீப்பின் தரையில் மூன்று ராடுகள் நிற்கும். ஒன்று மூன்று வேகங்கள் கொண்ட கியருக்கு. மற்ற இரண்டும் முன்சக்கரங்களை இணைக்கவும், வேகத்தை ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைத்து இழுவையைப் பெருக்கவும் பயன்படுவன. பற்கள் தாமாக இசைந்து சேர உதவும் சின்க்ரோமெஷ் அமைப்பைக் காடிலாக் 1928இலேயே அறிமுகப்படுத்தியிருந்தாலும், இந்த ஜீப்பில் அது இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கு மட்டுமே இருந்தது. ஏற்றத்தின் நடுவே, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் கியருக்கு இறங்கவேண்டுமானால் 'டபுள் கிளட்ச்' தவிர வேறு வழியில்லை. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்து இஞ்சினை விரைவுபடுத்தி, மீண்டும் கிளட்சை மிதித்து ராடைத் தள்ளவேண்டும். எந்தக் கணத்தில் தள்ளுவது என்பதைக் காதே சொல்லும். தவறினால் பற்கள் அரைபடும், கியர் விழாது, நியூட்ரலில் நின்ற வண்டி கொண்டையூசி வளைவில் பின்னோக்கி உருளும். கைபிரேக்கோ சக்கரங்களைப் பிடிப்பதன்று. பின்னச்சுக்குச் செல்லும் தண்டைப் பிடிப்பது. ஆகவே கிளீனர் பையனின் முதல் பாடம் ஸ்டியரிங் அன்று, கட்டை. வண்டி தயங்கும்போதே குதித்திறங்கிப் பின்சக்கரத்தடியில் கட்டையோ கல்லோ போடவேண்டும். 17 கொண்டையூசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுச் சாலையில் அது விளையாட்டன்று.

கட்டை, பிறகு கழுவுதல், பிறகு தண்ணீரும் ஆயிலும், பிறகு ஸ்டாண்டில் வண்டியைத் திருப்பி நிறுத்துதல், பிறகு பாரமில்லாத இறக்கம், கடைசியில் பாரத்தோடு ஏற்றம் என்பது கற்கும் ஒழுங்கு. எந்தக் கியரில் ஏறுகிறாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது முதன்மை விதி. டீசல் மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுபவனின் பிரேக் டிரம் சூடேறிப் பிடியிழக்கும். இவற்றுள் பெரும்பகுதி லைசென்சுத் தேர்வில் கேட்கப்படுவதில்லை. சட்டம் வாடகை வண்டிக்கு 20 வயதை நிர்ணயித்தது. மலையில் கற்றலோ அதற்கு வெகுமுன்பே தொடங்கியது. கிளீனர், ஓட்டுநர், உரிமையாளர் என்ற ஏணி, கூலிக் குடும்பங்களின் ஆண்பிள்ளைகளுக்குத் திறந்திருந்த மிகச்சில ஏணிகளுள் ஒன்று. சில இடங்களில் ஜீப் உரிமையாளரே தோட்டங்களுக்கு ஆள் கூட்டிச்செல்லும் முகவருமானார். பழைய கங்காணியின் இடத்தில் அவர் வந்து அமர்ந்தார் என்று சொல்வது மிகையன்று.

பெஞ்சில் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கம்பம், கூடலூர், போடி, தேவாரம் பகுதிகளிலிருந்து ஏலக்காய் பறிக்கவும் களையெடுக்கவும் விடியுமுன் ஏறி, மாலையில் இறங்குபவர்கள். பதிவுச் சான்றில் குறித்த எண்ணிக்கையைப் போல இருமடங்கு ஆள் ஏற்றுவது வழக்கமானது ஓட்டுநரின் பேராசையால் மட்டுமன்று. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், பிற்காலத் திருத்தத்தின்படி, 5 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பும் 15 தொழிலாளரும் உள்ள தோட்டங்களுக்கே பொருந்தியது. துண்டுபட்ட ஏலக்காடுகளில் பல அதன் வெளியே நின்றன. குடியிருப்பு தரும் கடமை அவற்றுக்கில்லை. குடியிருப்பு இல்லாத இடத்தில் ஜீப் வந்தது. முதலாளியின் செலவு தொழிலாளியின் பயண ஆபத்தாக மாறியதன் இயந்திர வடிவமே அந்த நீட்டிய பெஞ்சு. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாற்றுப் பதற்றத்தால் குமுளி, கம்பம்மெட்டு எல்லைகள் அடைபட்டபோது, தொழிலாளர் பலர் தாத்தா பாட்டி காலத்து ஒற்றையடிப் பாதைகளில் நடந்தே இறங்கினர். 2023 ஆகஸ்டில் வயநாட்டின் மானந்தவாடி அருகே ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து 9 பெண் தேயிலைத் தொழிலாளர்கள் இறந்தனர். மாவட்டம் வேறு; பெஞ்சு அதே பெஞ்சு.

இதற்கிடையில் அதே பழைய ஜீப்புக்கு மற்றொரு சந்தை பிறந்துள்ளது. வாகமண் முதலிய இடங்களில் சேற்றிலும் பாறையிலும் ஓட்டும் 'ஆஃப் ரோடு' போட்டிகள் நடக்கின்றன. நகரத்து இளைஞர்கள் பழைய மேஜரையும் எம்எம் 540ஐயும் தேடி வாங்கி, அகலச் சக்கரம் பூட்டி, வார இறுதிகளில் கியர் மாற்றப் பழகுகிறார்கள். 1945இல் பிரிந்த இரு கதைகளும் இங்கே சந்திக்கின்றன: பிழைப்பின் வண்டி விளையாட்டின் வண்டியாகிறது. அதில் தவறொன்றுமில்லை. ஆனால் தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாதென்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பொதுவெளி விவாதத்தில் அகலச் சக்கரங்களே பேசப்பட்டன. தொழிலாளர் ஜீப்பின் நீட்டிய பெஞ்சு பேசப்படவில்லை. அத்தீர்ப்பு கேரள உயர்நீதிமன்றத்திலிருந்து சென்ற வழக்கில் வந்தது என்பதும் கருதத்தக்கது. 2020இல் வந்த தார் வண்டியில் ஆட்டோமேட்டிக் கியரும் கிடைக்கிறது. டபுள் கிளட்ச் இனித் தேவையால் அன்றி விருப்பத்தால் கற்கப்படும் கலையாகிறது.

ஆய்வாளருக்கு இதில் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. பல உரிமையாளர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்ட பழைய ஆர்சி புத்தகங்கள் அட்டைகளாக மாறிவிட்டன. அட்டையில் கடைசி உரிமையாளர் மட்டுமே இருக்கிறார். போடியிலும் கட்டப்பனையிலும் நெம்மாறையிலும் உள்ள பழைய ஒர்க்‌ஷாப்புகளின் பில் புத்தகங்களும் ஸ்டாண்டுகளின் முறை நோட்டுகளும் எந்த ஆவணக்காப்பகத்துக்கும் போவதில்லை. மூன்று ராடுள்ள வண்டியில் கற்ற தலைமுறையினர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களில் பலர் எல்லையின் இருபுறமும் இன்னும் ஸ்டாண்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.