நாகூர் மனோரா உணர்த்தும் பாடம்



நற்செயல் எதனையும் அற்பமெனத் தள்ளிவிடலாகாது, மலர்ந்த முகத்துடன் பிறரைச் சந்திப்பதும் நன்மையே என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை. அந்நன்மைக்கு மறுமையில் கூலி உண்டு. ஆனால் இம்மையிலேயே அது எவர் உள்ளத்தையெல்லாம் தொடும் என்பதைச் செய்தவர் அறிவதில்லை. கல்லணையில் மதகைத் திறப்பவர், அந்நீர் நாகைக் கடைமடையில் எவருடைய வயலை நனைக்கும் என்று அறிவாரா? இதற்கு நம் காவிரிக் கரையின் வரலாறே சான்று பகர்கிறது.

வடஇந்தியாவின் மாணிக்கப்பூரில் பிறந்த ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்கள், குவாலியரில் கல்வி பயின்று, புனித மக்கா சென்று, பல நாடுகள் கடந்து, இறுதியில் நாகூரை வந்தடைந்தார்கள். அவர்களிடம் படையில்லை, பதவியில்லை, தமிழும் அவர்களது தாய்மொழியன்று. வணக்கமும் எளிய வாழ்வும் துயருற்றோருக்கு ஆற்றிய பணியுமே அவர்களது செல்வம். நோயுற்ற தஞ்சை நாயக்க மன்னர் அவர்களது துஆவினால் நலமடைந்து, நன்றியாக நிலம் வழங்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் மறைந்தார்கள்.

வரலாறு அத்துடன் முடியவில்லை. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்து, 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங், அங்கு 131 அடி உயரத்தில் பெரிய மனோராவை எழுப்பினார். நாகூரின் ஐந்து மனோராக்களில் உயரமானது அதுவே. அவர் இந்து மன்னர். இறைநேசரை நேரில் கண்டவருமல்லர். எனினும், மறைந்த ஒரு ஃபக்கீரின் நற்பெயர் அரண்மனை வரை சென்று அவரை ஈர்த்தது.

கடல் கடந்து சென்ற நம் மரக்காயர்களும் கூலித் தொழிலாளர்களும் அந்நினைவை உடன் கொண்டு சென்றார்கள். பினாங்கிலும், 1828க்கும் 1830க்கும் இடையே சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவிலும் நாகூர் பெயரால் நினைவிடங்கள் எழுந்தன.

வணக்கத்திற்குரியவன் அல்லாஹ் ஒருவனே. இறைநேசர்கள் அவனுடைய அடியார்களே. அவர்களை நேசிப்பதாகச் சொல்லும் நாம் அவர்களது பண்பைப் பின்பற்றுகிறோமா என்பதே கேள்வி.

அதற்குரிய சோதனை 2004 டிசம்பர் 26 அன்று வந்தது. ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உரிமை கோர ஆளில்லாத உடல்கள் கரையெங்கும் கிடந்தன. நாகூர் தர்கா தன் நிலத்தை அடக்கத்திற்கு அளித்தது. இறந்தவர் எம்மதத்தவர் என்று பாராமல் நம் இளைஞர்கள் உடல்களைச் சுமந்தார்கள், குழி வெட்டினார்கள். வீடிழந்தோர் தர்காவில் தங்கினர். வடக்கே பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தார் மீனவக் குடும்பங்களுக்கு உணவளித்தார்கள்.

மய்யித்தை அடக்குவதும் பசித்தவருக்கு உணவளிப்பதும் சிறுவயது முதல் மஹல்லாவில் நாம் பழகிய கடமைகளே. அன்று அவற்றைச் செய்தவர்கள் எவரையும் கவர எண்ணிச் செய்யவில்லை. ஆயினும், பிள்ளையை இழந்த ஒரு மீனவத் தாய்க்கு அந்த மண்வெட்டி பேசிய மொழியை ஆயிரம் மேடைகள் பேசிவிட முடியுமா?

சகோதரர்களே! நம் அண்டை வீட்டார் திருக்குர்ஆனை ஓதிப் பார்த்து இஸ்லாத்தை எடை போடுவதில்லை. நம்மைப் பார்த்தே எடை போடுகிறார்கள். கடையில் நாம் பிடிக்கும் தராசு, அறுவடை முடிந்ததும் களத்திலேயே அளந்து கொடுக்கும் கூலிநெல், நோயுற்ற அயலாரை விசாரிக்கும் ஒரு சொல் ஆகியவையே அவர்கள் படிக்கும் ஏடுகள். தராசில் ஒரு பிடி குறைத்தால், அதன் பழி நம்மோடு நிற்காமல் நம் மார்க்கத்தையும் சேரும் என்பதை மறவாதிருப்போம்.

புகழ் நாடாமல் நன்மை செய்யவும், நம் சிறு செயல்களைப் பிறர் நேர்வழி பெறுவதற்குக் காரணமாக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.