சேனை நெருப்பும் திருகோணமலைக் காட்டு மண்ணும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த மாவட்டம் இலங்கையின் உலர் வலயத்தில் அடங்குவது. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து போய்விடும். கந்தளாய், தம்பலகாமம் ஆகிய இடங்களில் குளத்து நீரை நம்பி நெல் விளைந்தது. குளத்து நீர் ஏறாத மேட்டுநிலத்தில் அந்த ஒரு மழையை வைத்தே சீவிக்க வேண்டியிருந்தது. கட்டுக்குளம்பற்றிலும் கொட்டியாரப்பற்றிலும் பரந்து கிடந்த மேட்டுக்காடுகளில் மக்கள் கண்ட வழி சேனை: காட்டை வெட்டி, எரித்து, ஓரிரு போகம் விதைத்து, நிலத்தை மறுபடி காட்டிடமே விட்டுவிடுவது.

சேனையின் நாட்காட்டி மழைக்கு முந்திய கோடையில் தொடங்கும். பற்றைகளையும் சிறு மரங்களையும் வெட்டிச் சாய்த்து வெயிலில் காயவிடுவார்கள். பெருமரங்களின் தூரும் வேரும் நிலத்திலேயே நிற்கும். பின்னாளில் காடு துளிர்ப்பது அவற்றிலிருந்துதான். நெருப்பு பக்கத்துக் காட்டுக்குத் தாவாதபடி ஓரத்தைச் செத்திச் சருகு நீக்கியபின், ஓகஸ்ட், செப்டெம்பர் வெயிலில் தீ வைப்பார்கள். எரியாமல் எஞ்சிய தடிகள் பன்றியைத் தடுக்கும் வேலியாகும். முதல் மழையோடு குரக்கன், சோளம், பயறு, பூசணி எல்லாம் ஒரே நிலத்தில் கலந்து விழும். பிறகு அறுவடைவரை இரவில் பரணில் யானைக்காவல். அடுத்த போகத்தில் பெரும்பாலும் எள்ளு. அதற்குள் புல்லும் களையும் ஏறிவிடும், நிலம் கைவிடப்படும்.

சேனையில் விளையும் குரக்கனை உண்ணும் வழக்கம் பழையது. 1660 இல் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ஆங்கில மாலுமி ரொபட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தன் நூலில் கடுகளவான குரக்கனைப் பற்றியும் அதை இடித்துச் சுடும் அடையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கங்களில் தமிழ் பேசும் கரையோர வேடர்களுக்கும் மீன்பிடியோடு சேனையும் பிழைப்பாக இருந்தது.

பிரித்தானிய ஆட்சி இதே காட்டை வேறு கண்ணால் பார்த்தது. முதிரை, பாலை, கருங்காலி, சாவண்டலை ஆகியவை விலைபோகும் மரங்கள். சாவண்டலையை ஆங்கிலேயர் ‘திருகோணமலை மரம்’ என்றே அழைத்தார்கள். சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கும் அது பயன்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று அனுமானித்தது. சேனையை அது ‘பல ஆண்டு இடைவெளிக்குப் பின்னரே பயிரிடக்கூடிய நிலம்’ என்று வகுத்தது. கண்டி இராச்சியத்துக்கு வெளியே இருந்த மாவட்டங்களில் அத்தகைய நிலம் காடாகவோ தரிசாகவோ கொள்ளப்படும் என்றும் விதித்தது. மண் ஆறுவதற்காக விட்ட இடைவெளியே உரிமையின்மைக்குச் சான்றாயிற்று.

1882 இல் முடிக்குரிய காடுகளை ஆராய்ந்த எஃப். டி. ஏ. வின்சென்ட்டின் அறிக்கை, காடழிவுக்குச் சேனையைப் பெரும் காரணமாகக் காட்டியது. 1885 இலும் 1907 இலும் காட்டுக் கட்டளைச் சட்டங்கள் வந்தன. ஒதுக்கக் காடுகள் வரையறுக்கப்பட்டன. வெளியே அனுமதிச்சீட்டுடன் மட்டும் சேனை செய்யலாம் என்றாயிற்று. குடிகள் பெருக, சுற்றிவரக் கிடைத்த காடு சுருங்கியது. ஒரே துண்டுக்கு முன்னதாகவே திரும்பி வரவேண்டிய நிலை வந்தது.

நெருப்பு உண்மையில் மண்ணை என்ன செய்கிறது என்ற கேள்வி ஆய்வுகூடத்துக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில். விவசாயத் திணைக்களத்தின் இரசாயனவியலாளர் ஏ. டபிள்யூ. ஆர். ஜோக்கிம், எஸ். கந்தையாவுடன் சேர்ந்து 1930களிலும் 1940களிலும் இலங்கை மண்களை வரிசையாக ஆராய்ந்தார். அவர்கள் 1948 இல் ‘ட்ரொபிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்’ இதழில் வெளியிட்ட கட்டுரையின் பொருளே சேனைதான்: சேனைச் செய்கையும் அதன்பின் திரும்ப வளரும் தாவரமும் மண்ணின் சேர்க்கையையும் கட்டமைப்பையும் எவ்வாறு மாற்றுகின்றன என்பது. எரிப்பை மட்டும் பாராமல், எரிப்பும் பயிரும் மறுவளர்ச்சியும் சேர்ந்த முழுச் சுற்றையும் அவர்கள் ஆய்வுப் பொருளாக்கினார்கள். மேற்கு ஆபிரிக்க அனுபவத்தை முதன்மையாகக் கொண்டு பி. எச். நையும் டி. ஜே. கிறீன்லாந்தும் பெயர்ச்சிப் பயிர்ச்செய்கை மண்ணைப் பற்றிய பெருநூலை வெளியிட்டது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1960 இல்.

மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. காய்ந்த பற்றை எரிந்து தணியும் நேரத்தில் மேலே சில சென்ரிமீற்றர் மட்டுமே கடுமையாகச் சூடேறும். 200 பாகை செல்சியஸ் அளவிலேயே நைதரசன் ஆவியாகத் தொடங்கும். கந்தகத்திலும் ஒரு பங்கு புகையோடு போகும். பொசுபரசும் பொற்றாசியமும் ஆவியாவதற்கு 750 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே அவையும் கல்சியமும் மகனீசியமும் பெருமளவு சாம்பலில் தங்கும். கட்டைகளைக் குவித்து எரித்த இடத்தில் மட்டும் கதை வேறு. அங்கே சேதனப் பொருள் கருகித் தீர்ந்து, களி சுட்டு, மண் செங்கல் நிறம் பெறும்.

சாம்பலின் பயன் எங்கும் ஒன்றல்ல. ஈரவலயத்து அமில மண்ணில் அது சுண்ணாம்புபோல் அமிலத்தைத் தணிக்கும். திருகோணமலை மேட்டுநிலத்தில் பரவலாகக் காணப்படும் செங்கபில மண்ணோ ஏறத்தாழ நடுநிலையானது. அங்கே அந்த இலாபம் சிறிது. களை விதைகள் எரிந்த துப்புரவான நிலமும், உடனே கரையும் கனிப்பொருள் உரமும், சூட்டுக்கும் முதல் மழைக்கும் பின் மண்ணில் எஞ்சிய நைதரசன் விரைவில் விடுபடுவதும்தான் முதற்போகத்தின் செழிப்புக்குக் காரணம்.

செங்கபில மண்ணின் பலவீனம் அதன் கட்டமைப்பில் இருக்கிறது. காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் ஒட்டும். அதன் சேதனப் பொருள் மேற்படையிலேயே தங்கியிருப்பது. இலங்கையின் மண்ணியலாளர் சி. ஆர். பாணபொக்கே, ஜே. பி. குவர்க்குடன் 1957 இல் வெளியிட்ட ஆய்வு, மண்கட்டிகள் நனைவதற்குமுன் கொண்டிருந்த ஈரம் அவை நீரில் உடையாமல் நிற்பதை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை அளந்தது. முற்றாகக் காய்ந்த கட்டி சட்டென்று நனையும்போது பொடிந்து போகும். கோடை முடிவில் எரிந்து வெறுமையான சேனையில் பருவமழை விழுவது அப்படித்தான். பொடிந்த மண் துளைகளை அடைக்க, நீர் உள்ளே இறங்காமல் சாம்பலையும் மேல்மண்ணையும் சரிவில் வாரிச் செல்லும். அதே பாணபொக்கே எஃப். ஆர். மூர்மனுடன் 1961 இல் வெளியிட்ட வகைப்பாடு, செங்கபில மண்ணுக்கு உலர் வலய வரைபடத்தில் நிலையான இடம் தந்தது.

ஒரு தடவை எரிப்பதால் மட்டும் இந்த மண் அழிவதில்லை. நிழலும் சருகும் வேரும் திரும்பினால் மேற்படையின் சேதனப் பொருள் மெல்ல மெல்லக் கூடி, கட்டமைப்பு மீளும். அதற்குப் பத்தாண்டும் அதற்கு மேலும் பிடிக்கும். மூன்று நான்கு ஆண்டிலேயே மறுபடி தீ வைத்தால் தூர்கள் சாகும், பற்றைக்காடு புல்வெளியாகும், சாம்பலும் குறையும்.

1950களில் மகா இலுப்பள்ளம ஆய்வு நிலையத்தில் ஏர்னஸ்ட் அபயரட்னவும் பிறரும் ஒரே நிலத்தில் நிலைத்துச் செய்யும் மானாவாரி முறைகளைத் தேடியது இதனால்தான்: மண்ணணை, வரம்பு, பயிர்ச் சுழற்சி, பசளை. அதே காலத்தில் அல்லை, கந்தளாய் திட்டங்கள் காட்டை நீர்ப்பாசன வயலாக்கின. 1980களுக்குப் பின் போரினால் ஊர்கள் இடம்பெயர, பல சேனைகள் தாமாகவே காடேறின. இன்று எஞ்சிய மேட்டுநிலங்கள் பல, பசளையும் களைகொல்லியும் கொண்டு ஆண்டுதோறும் பயிரிடப்படும் நிரந்தர நிலங்கள். 1840 ஆம் ஆண்டுச் சட்டம் சேனையின் அடையாளமாகக் கொண்ட ‘பல ஆண்டு இடைவெளி’ அவற்றில் இல்லை.