வானொலி உரிமமும் குடும்பத்தின் பங்கும்: தமிழகப் பொது ஒலிபரப்பின் நிதி வரலாறு

முன்னுரை

பொது ஒலிபரப்புக்கு நிதி அளிக்க வேண்டியவர் யார் என்னும் வினா, இந்தியாவில் ஒலிபரப்பின் தொடக்கம் முதலே தீர்வின்றித் தொடர்கிறது. பிரிட்டனில் 1922இல் ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் எனத் தொடங்கிய உரிமக் கட்டணம், பிற்காலத்தில் தொலைக்காட்சி உரிமமாக நிலைபெற்றது. அதே முறை இந்தியாவில் அறுபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக நடைமுறையில் இருந்து, 1980களின் நடுப்பகுதியில் கைவிடப்பட்டது. அக்கட்டணம் ஒலிபரப்பு நிறுவனத்தின் மீது கேட்போருக்கு எவ்வித உரிமையையும் எக்காலத்தும் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். வேப்பனப்பள்ளி உள்ளிட்ட ஓசூர் – கிருட்டினகிரி எல்லைப்பகுதியை மனத்திற்கொண்டு இக்கருதுகோள் இங்கு ஆராயப்படுகிறது.

பத்து ரூபாய் உரிமம்

1927இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களைத் தொடங்கிய இந்திய ஒலிபரப்பு நிறுவனம் ஒரு தனியார் நிறுவனமாகும். வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுக்கு 10 ரூபாய் செலுத்தி உரிமம் பெற வேண்டும். அதில் 80 விழுக்காடு நிறுவனத்துக்கு உரியது. 1927 இறுதியில் 3,594ஆக இருந்த உரிமங்கள் 1929 இறுதியில் 7,775ஆக உயர்ந்தன. இவ்வுயர்ந்த எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிட்டாலும் நிறுவனத்தின் ஆண்டுப் பங்கு ஏறத்தாழ 62,000 ரூபாயைத் தாண்டாது. இரு பெருநகர நிலையங்களை நடத்த இது போதாது. உரிமமின்றிக் கேட்போரும் பெருகியிருந்தனர். 1930 மார்ச்சில் நிறுவனம் கலைக்கப்பட்டு, அரசு அப்பொறுப்பை ஏற்றது.

1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இங்கு நுணுகி நோக்கத்தக்கது. உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்று அது வரையறுத்தது. அதாவது குடும்பம் செலுத்திய தொகை, கருவியை வைத்துக்கொள்ளப் பெற்ற அனுமதிக்கான விலையாயிற்று. நிகழ்ச்சிக்கான விலை என்ற பொருள் அதற்குச் சட்டத்தில் இல்லை. அஞ்சலகத்தில் பணம் செலுத்தி, உரிமப் புத்தகத்தில் வில்லை ஒட்டி ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்ட தலைமுறைக்கு அஞ்சல் துறை ஆய்வாளரின் வருகை நினைவிருக்கும். எந்த நிகழ்ச்சி வேண்டும் என்று அந்த ஆய்வாளர் ஒருவரையும் கேட்டதில்லை.

பொதுநிதியும் பொதுக்கேட்பும்

தமிழகத்தில் இதற்கு முற்றிலும் வேறான மரபொன்றும் வளர்ந்தது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் உருவான சென்னை மாகாண வானொலிக் கழகம், பணமுடையால் 1927இல் ஒலிபரப்பை நிறுத்தியது. அதன் ஒலிபரப்புக் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பை நடத்தியது. மெரினா கடற்கரையில் ஒலிபெருக்கிகள் அமைக்கப்பட்டன. பெட்டி வாங்க இயலாதவரும் மணலில் அமர்ந்து இசை கேட்டனர். ஒலிபரப்பு என்பது தெருவிளக்கைப் போன்றதொரு நகராட்சிப் பணி என்னும் எண்ணம் இதில் உள்ளுறைந்திருந்தது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியபோது இம்முயற்சி முடிவுக்கு வந்தது. வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது பொருத்தமாகத் தோன்றவில்லை.

அம்மரபின் தொடர்ச்சியை ஊராட்சி வானொலியில் காணலாம். ஊராட்சி மன்றக் கட்டடத்தின் மேல் கட்டப்பட்ட ஒலிபெருக்கி வழியே மாலைச் செய்தியும் வேளாண் நிகழ்ச்சியும் ஊர் முழுவதும் கேட்டன. ஏ.டி.டி. 27 என்னும் நெல்வகை, திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பால் பரவி, தஞ்சைப் பகுதியில் 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது. உரிமக் கட்டணத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், ஒலிபெருக்கியடியில் நின்று கேட்ட உழவர் 'கேட்போர்' என்னும் கணக்கிலேயே வரமாட்டார்.

எல்லைப்பகுதியும் அலைவரிசையும்

வேப்பனப்பள்ளி 1965 வரை சேலம் மாவட்டத்திலும், 2004 வரை தருமபுரி மாவட்டத்திலும், அதன்பின் கிருட்டினகிரி மாவட்டத்திலும் அமைந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் இங்குப் புழங்குகின்றன. சென்னையைவிடப் பெங்களூரே அருகில் உள்ளது. மத்திய அலைக்கு மாநில எல்லை கிடையாது. ஆயின் உரிமக் கட்டணம் மொழியையோ நிலையத்தையோ வேறுபடுத்தவில்லை. மும்மொழிச் சூழலில் வாழ்ந்த குடும்பமும் சென்னை நகரக் குடும்பமும் ஒரே தொகையைச் செலுத்தின. எத்தனை நிலையங்கள் எம்மொழிகளில் தேவை என்பது தில்லியில் முடிவாயிற்று.

பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்தபோது, 1952 முதல் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகின. கேட்போர் இலங்கை வானொலிக்குத் திரும்பினர். கட்டணம் இந்திய அரசுக்கு, செவி கொழும்புக்கு என்றாயிற்று. கட்டணத்தை நிறுத்திக் கேட்போர் தம் மறுப்பைத் தெரிவிக்கவும் வழியில்லை. நிறுத்தினால் பெட்டியே சட்டவிரோதமாகிவிடும். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டது. 1967இல் அதில் விளம்பரமும் இடம்பெற்றது.

உரிமத்துக்குப் பின்

1970களில் வானொலிக்கு ஆண்டுக்கு 15 ரூபாயும் தொலைக்காட்சிக்கு 50 ரூபாயும் வசூலிக்கப்பட்டன. உரிமம் நீக்கப்பட்டபோது குடும்பம் பணம் செலுத்துவது நின்றுவிடவில்லை, பெறுநர் மாறினார். 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. பெட்டி இலவசம், கேபிளுக்கு மாதக் கட்டணம். 2011இல் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கியபோதும் அத்தொகை விநியோகத்துக்கு உரியதாகவே இருந்தது. 1997இல் தன்னாட்சி அமைப்பாக நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி நடுவண் அரசின் மானியத்தைச் சார்ந்தே இயங்குகிறது. மாதக் கட்டணமற்ற டிடி ஃபிரீ டிஷ் சேவையில் தனியார் அலைவரிசைகளுக்கு இடங்களை ஏலம் விட்டும் அது வருவாய் ஈட்டுகிறது. அமைச்சகத்தின் மானியத்தில் வாழும் நிறுவனத்துக்குத் தன்னாட்சி பெயரளவில் எஞ்சுவது வியப்பன்று.

குடும்பக் கட்டணத்தை மீண்டும் கொணர்வதாயின், எது குடும்பம் என்னும் சிக்கல் எழும். ஜெர்மனி 2013 முதல் கருவியைக் கணக்கில் கொள்ளாது குடியிருப்புக்கு ஒன்றெனக் கட்டணம் பெறுகிறது. சிங்கப்பூரோ 2011இல் உரிமத்தையே நீக்கியது. ஓசூர்த் தொழிற்பகுதியில் ஓர் அறையைப் பல தொழிலாளர் பகிர்ந்து வாழ்கின்றனர்; அவர்களுள் பலருடைய குடும்ப அட்டை வேறு மாநிலத்தில் உள்ளது; ஒவ்வொருவர் கையிலும் கைபேசி இருக்கிறது. கருவியை எண்ணினால் அவர்கள் பலமுறை செலுத்துவர். குடும்ப அட்டையை எண்ணினால் இங்கு ஒருவரும் செலுத்தமாட்டார். இத்தாலி 2016இல் செய்ததுபோல் மின்கட்டணத்துடன் இணைப்பதிலும் இடர் உண்டு. தமிழகத்தில் அதே ஆண்டு முதல் இரு மாதங்களுக்கு 100 அலகு மின்சாரம் வீடுகளுக்கு விலையில்லாது வழங்கப்படுகிறது. அவ்வளவுக்குள் அடங்கும் வீட்டின் மின்கணக்கில் செலுத்த வேண்டிய தொகை சுழியம்; வானொலிக்கான கட்டணம் மட்டுமே அதில் தனித்து நிற்கும்.