வில்லுக்கு மேல்பூச்சு: மழையோடு ஒரு பழைய வழக்கு

1545-இல் இங்கிலாந்தில், வில்லோடு தொடர்புடைய இரண்டு காரியங்கள் நடந்தன. கேம்பிரிட்ஜ் அறிஞர் ரோஜர் ஆஸ்கம், வில்வித்தையைப் பற்றி எழுதிய ‘டாக்ஸோஃபிலஸ்’ நூலை மன்னர் எட்டாம் ஹென்றிக்குக் காணிக்கையாக்கினார். அதே ஆண்டு ஜூலை 19 அன்று, அதே மன்னரின் ‘மேரி ரோஸ்’ போர்க்கப்பல் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கியது.

ஆஸ்கம் தன் நூலில் வில்லைப் பராமரிக்கும் வழியையும் சொல்கிறார். கம்பளித் துணியில் மெழுகை ஏற்றி, பளபளப்பு வரும்வரை வில்லைத் தினமும் தேய்க்க வேண்டும். அப்போது மேலே ஓடு போல ஒரு படலம் உண்டாகும்; ஈரம் உள்ளே புகாது, சிறு கீறலும் எளிதில் விழாது. யூ மரத்தின் ஒரே துண்டில் செதுக்கிய வில்லுக்கு அன்று அதுவே போதுமான காப்பு. கடலடியில் கிடந்த கப்பலிலிருந்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு 137 முழு விற்கள் கிடைத்தன. ஆனால் அந்தப் பெருமை மெழுகைச் சேராது. காற்றுப் புகாமல் மூடிக்கிடந்த கடற்சேற்றைத்தான் சேரும்.

ஆசியாவின் கூட்டு விற்களுக்கு ஈரம் இன்னும் பெரிய பகை. உட்புறம் கொம்பு, நடுவில் மரம், வெளிப்புறம் விலங்கின் தசைநார். எல்லாவற்றையும் பிடித்து வைப்பது தோல், நரம்பு அல்லது மீனின் காற்றுப்பையிலிருந்து காய்ச்சிய பசை. நனைந்தால் அந்தப் பசை இளகும், வில்லின் விசை போகும். அதனால்தான் பழைய சீனத் தொழில்நூலான ‘காவ்கோங்ஜி’ வில்லுக்கு வேண்டிய ஆறு பொருள்களில் மரம், கொம்பு, நார், பசை, பட்டுநூலுக்குச் சமமாக லாக்கர் மரத்துப் பாலையும் சேர்க்கிறது. பனியையும் உறைபனியையும் தாங்குவதே அதன் வேலை என்று காரணமும் சொல்லிவிடுகிறது. பூச்சை அலங்காரமாக நினைக்காமல் வில்லின் உறுப்பாகவே கணக்கிட்ட அந்தக் கைவினைஞர்களின் பார்வை சரியானது.

கொரியர்கள் தங்கள் கொம்பு வில்லின் முதுகில் பிர்ச் மரப்பட்டையை ஒட்டினார்கள். எய்யாத நேரத்தில் இதமான சூடுள்ள பெட்டியில் வைத்தார்கள். ஜப்பானியர் பிரம்பு சுற்றி, மேலே உருஷி பூசினார்கள். உருஷி ஒரு விசித்திரமான பூச்சு: அது இறுகுவதற்குக் காற்றில் ஈரப்பதம் வேண்டும்! ஈரத்தைத் தடுக்கும் பொருள் ஈரத்தாலேயே பக்குவமாகிறது. இந்தியாவில் வண்ணம் தீட்டி மெருகேற்றிய கூட்டு விற்களோடு இரும்பு விற்களும் புழங்கின. கொம்பும் பசையும் நம் மழைக்காலத்தைத் தாங்காததே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

இந்த வழக்கில் ஃபைபர்கிளாஸ் நுழைந்தது அமெரிக்காவில். ஃப்ரெட் பேர் 1933-இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய வில் தொழில், 1947-இல் மிச்சிகனின் கிரேலிங் ஊருக்குப் போனது. 1950களில் அந்தத் தொழிற்கூடமும் மற்றவர்களும் மேப்பிள் மரப்பட்டிகளின் இருபுறமும் ஃபைபர்கிளாஸ் பட்டி ஒட்டி விற்களைச் செய்தார்கள். கண்ணாடியிழை தண்ணீர் குடிக்காது. அப்படியானால் பூச்சு எதற்கு?

வில்லைப் பக்கவாட்டில் பார்த்தால் விடை தெரியும். முன்னும் பின்னும் கண்ணாடியிழை மூடியிருந்தாலும் ஓரங்களில் மரம் திறந்தே கிடக்கிறது. கைப்பிடி முழுக்க மரம். நாண் மாட்டும் வெட்டுகளிலும் அரம் பட்ட மரம் தெரியும். ஈரம் இந்த வழிகளில்தான் நுழையும். உப்புத்தாளால் தேய்த்த ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி இழைகள் விரலில் குத்தும் என்பது தனிக்கதை. தேய்க்கும்போது எழும் தூசு மூச்சில் போகக்கூடாது என்பதால் முகமூடி கட்டாயம்.

மேசைக்குப் பூசிய வார்னிஷ் அசையாமல் கிடக்கும். வில்லில் பூசியதோ ஒவ்வோர் எய்தலிலும் வளைந்து நிமிர வேண்டும். அரக்கிலிருந்து எடுக்கும் ஷெல்லாக் அழகானது, ஆனால் ஈரம் பட்டால் வெளுக்கும். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் சீக்கிரம் காயும். வயதானால் விறைத்து வெடிக்கும். ஆகவே இன்று கையால் வில் செய்பவர்கள் பலர் பாலியூரித்தேனையோ இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸியையோ நாடுகிறார்கள். வழுவழுப்பான கண்ணாடியிழையில் பூச்சு பிடிக்காது; முதலில் லேசாகச் சொரசொரப்பாக்க வேண்டும். விரலின் எண்ணெய்ப்பசைகூட மிச்சமிருக்கக்கூடாது. பிறகு மெல்லிய பூச்சு, உலர்த்தல், தேய்ப்பு, மறுபடி பூச்சு. தடிமனாக ஒரே தடவையில் முடிப்பவருக்கு வழிசலும் வெடிப்பும்தான் மிஞ்சும். வேட்டைக்காரர்கள் கடைசிப் பூச்சின் பளபளப்பையும் குறைத்துவிடுவார்கள். வெயிலில் மின்னினால் மான் ஓடிவிடும்.

அந்தக் கால அமெரிக்க விற்களைச் சேகரிப்பவர்கள் பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்புகளைப் பார்த்திருப்பார்கள். அது பெரும்பாலும் மேல்படலம் முதுமையடைந்ததால் வருவது. அடியிலுள்ள கண்ணாடியிழை நன்றாக இருக்கலாம். ஆனால் இழைக்குள்ளேயே விரிசல் ஓடியிருந்தால், எந்தப் பூச்சும் அந்த வில்லைக் காப்பாற்றாது. பழைய வில் கைக்கு வந்தால், உப்புத்தாளை எடுப்பதற்கு முன் இந்த இரண்டில் எது என்று தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்; அதுவரை நாணேற்றாதீர்கள்.