பெயர் மாறிய வித்தை

கொரியாவின் நகரங்களில் பள்ளிக்கூடம் விடும் வேளையில் ஒரு காட்சியைக் காணலாம். டேக்வாண்டோ பயிற்சிக்கூடத்து வேன் ஒன்று வாசலில் வந்து நிற்கிறது; ஆறேழு வயதுப் பொடிசுகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போகிறது. 'டோஜாங்' என்று அவர்கள் அழைக்கும் அந்தக் கூடத்தில் குழந்தைகள் வெள்ளை உடை அணிந்து, இடுப்பில் வர்ணக் கச்சை கட்டி, தேசக் கொடியை வணங்கிவிட்டு உதைக்க ஆரம்பிக்கிறார்கள். பொழுது சாய்ந்தபின் பெரியவர்களின் முறை.

இது எத்தனை காலத்து வித்தை என்று கேட்டால் இரண்டாயிரம் ஆண்டு என்று சொல்லிவிடுவார்கள். கோகுர்யோ மன்னர் காலத்துக் கல்லறைச் சுவரில் இருவர் எதிரெதிரே கையோங்கி நிற்கும் சித்திரம் ஒன்று சாட்சியாகக் காட்டப்படும். சித்திரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, சாட்சியத்தில்தான் சந்தேகம். இரண்டு பேர் கையோங்கி நிற்காத தேசம் உலகத்தில் எது?

உண்மைக் கதை அவ்வளவு பழையதல்ல. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் அடிமை நாடாக இருந்தது. பிற்பகுதியில் பள்ளிகளில் தாய்மொழியும் போயிற்று. சொந்தப் பெயரையே ஜப்பானிய மாதிரியில் மாற்றிக்கொள்ளும் நிர்ப்பந்தமும் வந்தது. அந்நாளில் படிக்கவும் பிழைக்கவும் ஜப்பானுக்குப் போன கொரிய வாலிபர்கள் சிலர் அங்கே கராத்தே கற்றார்கள். ஓகினாவாத் தீவிலிருந்து 1922-இல் டோக்கியோ வந்து அதைப் பரப்பியவர் புனாகோஷி. அவரிடம் பயின்ற லீ வோன் குக் 1944-இல் ஸியோலில் 'சுங் டோ குவான்' என்ற பள்ளியைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் இன்னும் பல பள்ளிகள் கிளம்பின.

அவை கற்பித்த வித்தைக்கு என்ன பெயர்? சில இடங்களில் 'டாங் ஸு', சில இடங்களில் 'காங் ஸு'. முதலாவது 'சீனக் கை', இரண்டாவது 'வெறுங்கை'. இரண்டும் கராத்தே என்ற சொல்லை எழுதும் சித்திர எழுத்துக்களின் கொரிய உச்சரிப்புத்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆதியில் சீனத்தைக் குறிக்கும் எழுத்தால் எழுதிவந்த பெயரை, 1930-களில் அதே ஓசையுள்ள 'வெறுமை' என்ற எழுத்துக்கு மாற்றியவர்கள் ஜப்பானியர். கடன் வாங்கிய வீட்டுக்காரன் பெயரை மறைப்பதில் கொரியர்கள் முதல்வர் அல்லர்.

ஜப்பானில் கராத்தே கற்ற மற்றொருவர் சோய் ஹாங் ஹீ. பிற்பாடு கொரியப் படையில் ஜெனரலானவர். எஜமானன் போன பிறகும் அவன் வைத்த பெயரால் நம் பிள்ளைகள் கை வீசுவதா என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. 1955-இல் 'டேக்வாண்டோ' என்ற பெயரை முன்வைத்தார். காலும் முஷ்டியும் கொண்ட மார்க்கம் என்று பொருள். 'டேக்யான்' என்ற கொரியரின் பழைய கால்விளையாட்டை ஓசையால் நினைவூட்டுவது அந்தப் பெயரின் சாமர்த்தியம். அந்த டேக்யானோ அழியும் நிலையில் இருந்தது. சிறுவயதிலேயே அதைக் கற்ற ஸாங் டோக் கி என்ற முதியவர் ஒருவரைக் கொண்டுதான் அது பிழைத்தது. அரசாங்கம் அதைப் பண்பாட்டுச் செல்வமாக அங்கீகரித்தது 1983-இல்.

பெயர் மட்டும் போதவில்லை. ஒற்றையாகச் செய்யும் பயிற்சி வரிசைகளைச் சோய் புதிதாக அமைத்தார். நாளின் மணிகளைப் போல மொத்தம் 24. ஒவ்வொன்றிலும் சரித்திரத்தைப் பொதிந்து வைத்தார். 'ஸாம் இல்' வரிசையில் 33 அசைவுகள். 1919 மார்ச் முதல் தேதி சுதந்தரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள் 33 பேர். 'ஜூங் குன்' வரிசையில் 32. ஜப்பானியப் பிரமுகர் இட்டோவை 1909-இல் ஹார்பினில் சுட்டு, மறு ஆண்டு தூக்கிலேறிய ஆன் ஜூங் குன்னுக்குக் கொரியக் கணக்கில் அப்போது வயது 32. எழுதப் படிக்கத் தடுமாறும் குழந்தைகூட அந்த வயதைக் கால்களால் எண்ணிவிடும். ஆனால் எண்ணுகிற அந்த அசைவுகளில், அந்த நிலைகளில், தடுக்கும் கைகளில் பாதி கராத்தே! இட்டோவின் தேசத்து வித்தையால் இட்டோவைக் கொன்றவனுக்கு அஞ்சலி. ஒரு நாவலில் நான் இப்படி எழுதினால் வலிந்து செய்த கற்பனை என்பார்கள்.

இதனால் டேக்வாண்டோ வெறும் நகல் என்று சொல்ல மாட்டேன். தலைக்கு மேல் எழும்பும் உதை, சுழன்று திரும்பி அடிக்கும் குதிகால் ஆகியவை, யுத்தத்தில் இடிந்த ஊர்களின் பயிற்சிக்கூடங்களில் 1950, 60-களின் வாலிபர்கள் வியர்வை சிந்தி வளர்த்தவை. அதுவே போதுமான பெருமை. கல்லறைச் சித்திரத்தைத் துணைக்கு அழைத்திருக்க வேண்டியதில்லை.

சோய் 1966-இல் ஒரு சர்வதேச சம்மேளனம் கண்டார். ஆட்சியோடு பிணங்கி 1972-இல் கனடாவுக்குப் போய்விட்டார். அதே ஆண்டு ஸியோலில் 'குக்கிவான்' என்ற தலைமைக்கூடம் எழும்பியது. மறு ஆண்டு வேறொரு உலக சம்மேளனம் பிறந்தது. 2000-இல் ஸிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டானது இந்தப் பிரிவின் ஆட்டமே. சோயோ 1980-இல் தம் வித்தையை வடகொரியாவுக்குக் கொண்டுபோனார். பிற்பாடு, வடக்கே கம்யூனிஸ்டுகளின் காவலில் மறைந்துபோன தேசியத் தலைவர் சோ மன் ஸிக்கின் புனைபெயர் தாங்கிய வரிசை நீங்கி, அந்த இடத்தில் 'ஜூச்சே' என்ற வடகொரிய அரசின் சித்தாந்தப் பெயர் வந்தது. பெயரை மீட்கப் புறப்பட்டவர் கையாலேயே ஒரு தேசபக்தரின் பெயர் அழிந்தது.

2002-இல் அவர் பியோங்யாங்கில் காலமானார். அவர் வகுத்த கடைசி வரிசைக்கு 'டாங் இல்' என்று பெயர். ஒன்றுபடுதல் என்று அர்த்தம், 56 அசைவுகள். குக்கிவான் வழியில் பயிலும் தெற்கத்திக் குழந்தைகளின் பாடத்தில் அது இல்லை.